நமக்கு மூணு மாசம்

செப்பிலோக் ஓராங் ஊத்தான் மையத்திலிருந்து சண்டாக்கானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, காரில் பின்னால் உட்கார்ந்திருந்த அப்பா யாரிடமும் இல்லாமல் ஒன்று சொன்னார்: "நமக்கு மூணு மாசம்." வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தம்பிக்குக் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது. என்னப்பா என்று திரும்பிக் கேட்டேன். ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே செம்பனை. போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவின் அந்தப் பகுதியில் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினாலும் செம்பனைதான். மூன்று வருடம் ஆகிறது. பல்லிடுக்கில் மாட்டிய கொய்யா விதை மாதிரி அந்தப் பேச்சு அங்கேயே இருக்கிறது, நாக்கு தானாகத் தேடிப் போகிறது.

செம்பனை என்றால் என்ன என்று தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்கள் கேட்கலாம். ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு பாமாயில் வாங்குகிறீர்களே, அந்த எண்ணெய்க்கான மரம். இங்கே மலேசியாவில் அதற்குச் செம்பனை என்று பெயர். அப்பா 27 வருடம் செம்பனைக் குலை வெட்டியவர். நீளமான குழாயின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து பார்த்து, முதலில் மட்டையை வெட்டி, அப்புறம் குலையை இழுக்க வேண்டும். இருபது கிலோவுக்கு மேல் இருக்கும் குலை, முள்ளோடு விழும். விழுகிற நேரத்தில் அதன் கீழே நிற்காமல் இருப்பதுதான் தொழில் ரகசியம் என்பார். சிதறும் உதிரிப் பழங்களை அம்மா சாக்கில் பொறுக்குவார். நானும் தம்பியும் படித்தது அந்தச் சாக்கில்தான்.

தம்பி ஆசிரியர் வேலைக்குப் படித்து முடித்ததும் சபாவுக்குத் தூக்கிப் போட்டார்கள். தீபகற்பத்துப் பிள்ளைகள் பலருக்கும் நடப்பதுதான். அவனைப் பார்க்கச் சண்டாக்கான் போனோம். போனவர்கள் செப்பிலோக் போகாமல் திரும்ப முடியுமா? குரங்கு பார்க்க ஏன் காசு கொடுக்கணும், தோட்டத்துல நான் பார்க்காத குரங்கா என்று அப்பா கிளம்பும்வரை முனகிக்கொண்டே இருந்தார். அது குரங்கு இல்லப்பா, ஓராங் ஊத்தான் என்றான் தம்பி. மலாயில் ஓராங் என்றால் மனிதன், ஊத்தான் என்றால் காடு. ஒராங்குட்டான் என்று நீங்கள் எழுதுவது இதைத்தான். மனிதன்னு பேரு வச்சிட்டா டிக்கெட்டா என்றார் அப்பா.

செப்பிலோக் மறுவாழ்வு மையம் 1964-இல் தொடங்கியது. சுற்றிலும் சுமார் 43 சதுர கிலோமீட்டர் காடு. காலை 10 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் காட்டு ஓரத்து மேடையில் உணவு வைப்பார்கள். நாம் பையையெல்லாம் லாக்கரில் வைத்துவிட்டு, மரப்பலகை நடைபாதையில் தள்ளி நின்று பார்க்க வேண்டும். அன்று காலை வயிற்றில் குட்டியை ஒட்டிக்கொண்டு ஒரு தாய் வந்தது. ஐந்து நிமிடம் வாழைப்பழம் தின்றுவிட்டுக் கயிற்றைப் பிடித்துப் போய்விட்டது. அப்புறம் மேடை முழுக்கப் பேரோக் குரங்குகள். வெள்ளைக்காரர்கள் கேமராவை இறக்கினார்கள். மேடை உணவு தினமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், வேண்டுமென்றே அப்படிச் செய்கிறோம் என்றார் அங்கே வேலை செய்யும், சபாவின் பூர்வகுடியான கடசான் இனத்து இளைஞர். அலுத்துப்போய் அதுவே காட்டுக்குள் தேடிப் போக வேண்டும், காட்டில் பழம் நிறைய இருக்கும் மாதங்களில் ஒன்றுகூட வராது, அதுதான் எங்களுக்கு நல்ல நாள் என்றார். இதைப் பற்றி ஏராளமானோர் எழுதிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. அப்பா மட்டும் மெல்லச் சொன்னார்: "நம்ம தோட்டத்துக் கடை மாதிரி. அதே கருவாடு, அதே பருப்பு. அலுத்துத்தான் நானும் டவுனுக்குப் போனேன்."

ஆயாக் கொட்டாய்

குட்டிகள் பயிற்சி எடுக்கும் இடத்தைப் பார்க்கத் தனியாக ஒரு கட்டடம் இருக்கிறது. ஏர்கண்டிஷன் அறை, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே மேடைகள், தொங்கும் கயிறுகள், அதற்கப்பால் காடு. வெயிலுக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனோம். அப்பா அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டார்.

கண்ணாடிக்கு நேர் எதிரே ஒரு குட்டி, தேங்காய் நார் நிறத்தில், ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இன்னொரு கையிலிருந்த இலைக்கொத்தை என்ன செய்வது என்று தெரியாமல் தலையில் வைத்துக்கொண்டிருந்தது. கொஞ்சம் பெரியது ஒன்று மேலிருந்து இறங்கி வந்து அந்த இலையைப் பிடுங்கிக் கொண்டு மறுபடி ஏறியது. குட்டி அதையே பார்த்தது. பிறகு பின்னாலேயே ஏறியது, பாதியில் கை நழுவியது, காலால் பிடித்துக்கொண்டது. அப்பா என் தோளைத் தட்டினார். "கையைப் பாரு. விரல் மடங்கியே இருக்கு, நீட்டவே இல்ல." தன் வலது கையைத் தூக்கிக் காட்டினார். 27 வருடம் குழாய் பிடித்த கை. ஓய்வாக வைத்தாலும் நான்கு விரலும் கொக்கி மாதிரி வளைந்துதான் நிற்கும். அந்த விலங்குக்குப் பிறவியிலேயே அமைந்த கை அப்பாவுக்குத் தோட்டத்தில் அமைந்திருந்தது.

இளைஞர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவை பாக்சிக் என்று கூப்பிட்டார், வயதில் பெரியவர்களை மலாயில் அப்படித்தான் கூப்பிடுவோம். இருவரும் மலாயில் பேச ஆரம்பித்தார்கள். தாய் எங்கே என்று கேட்டார் அப்பா. செத்திருக்கும் பாக்சிக். தாய் உயிரோடு இருக்கும்வரை குட்டியை அதனிடமிருந்து பிரிக்க முடியாது, அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும். ஒரு குட்டி கூண்டில் இருக்கிறது என்றால் பின்னால் ஒரு தாயின் பிணம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏன் கொன்றார்கள் என்று அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். காட்டை வெட்டியதும் இளங்கன்று நடுவார்கள். அந்தக் கன்றின் குருத்து இனிக்கும். எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் குருத்தைத் தின்னும், அவற்றுக்கு என்ன கிடைத்தது என்பது அவருக்கு நினைவிருக்கிறது. போர்னியோவிலும் சுமத்ராவிலும் தன் வீடு போன இடத்தில் நின்று குருத்தைப் பிடுங்கித் தின்பது ஓராங் ஊத்தான். தோட்டத்துக் கணக்கில் அதுவும் பன்றிதான்.

2019 மார்ச்சில் சுமத்ராவின் அச்சே பகுதியில் ஒரு தாயைக் குட்டியோடு மீட்டார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அதன் உடம்பில் 74 ஏர்கன் குண்டுகள் இருந்தன. இரண்டு கண்ணும் போயிருந்தது, கழுத்துப்பட்டை எலும்பு உடைந்திருந்தது. குட்டி சிகிச்சைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே செத்தது. தாய்க்கு 'நம்பிக்கை' என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பிழைத்தது, ஆனால் பார்வையில்லாமல் காட்டுக்குப் போக முடியாது. மீட்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், அதற்குள் இந்த மாதிரி முடிவுகளும் இருக்கின்றன. காசநோய் தொற்றியவை, ஈரல் அழற்சிக் கிருமி தொற்றியவை, பதினைந்து இருபது வருடம் கூண்டில் கிடந்து ஏறவே மறந்தவை, இவையெல்லாம் மையத்திலேயே, அல்லது ஆறு சூழ்ந்த சிறு தீவுகளில், கடைசிவரை இருக்க வேண்டியவை.

இதற்கு எத்தனை வருஷம் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று கேட்டார் அப்பா. ஆறு ஏழு வருஷம், பாக்சிக். காட்டிலேயே பிறந்தது என்றால் தாயோடு ஏழெட்டு வருடம் இருக்கும், அதுவரை தாய் அடுத்ததைப் பெறாது. ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஏழிலிருந்து ஒன்பது வருடம், நிலத்தில் வாழும் பாலூட்டிகளில் இதுதான் மிக நீண்ட இடைவெளி. அந்த வருடங்களில் எந்தப் பழம் எப்போது பழுக்கும், எந்தப் பட்டையை உரித்துத் தின்னலாம், கறையான் எங்கே கிடைக்கும், ராத்திரி படுக்கக் கிளைகளை எப்படி மடக்கி மெத்தை போடுவது என்று நூற்றுக்கணக்கான விஷயம் தாயிடம் பார்த்துப் படிக்கும். தாய் இல்லாத குட்டிக்குக் கொஞ்சம் பெரிய குட்டியை ஜோடி சேர்த்துவிடுகிறோம். அந்த இலையைப் பிடுங்கியதே, அது வாத்தியார்.

எனக்கு அந்த இடத்தில் ஆயாக் கொட்டாய் ஞாபகம் வந்தது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் தகரக் கொட்டகை, ஒரு ஆயா, இருபது தொட்டில். போர்னியோவின் இந்தோனேசியப் பகுதியான கலிமந்தானின் நடுப்பகுதியில், மத்திய கலிமந்தானில், 1999-இல் தொடங்கிய நியாரு மெந்தெங் மையத்தைப் பற்றி வீட்டுக்கு வந்த பிறகு படித்தேன். விமானப் பணிப்பெண்ணாக இருந்த லோன் ட்ரோஷர் நீல்சன் என்ற டென்மார்க்குப் பெண் தொடங்கியது. அங்கே அனாதைக் குட்டிகளை வளர்ப்பது சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள். காலையில் ஆளுக்கு இரண்டைத் தூக்கிக்கொண்டு, கையைப் பிடித்துச் சிலவற்றை நடத்திக்கொண்டு, காட்டுப் பள்ளிக்குப் போகிறார்கள். கிளையை மடக்கிக் காட்டுகிறார்கள், புளிக்கும் பழத்தைத் தாங்களே கடித்துக் காட்டுகிறார்கள். ஒரு கட்டத்துக்குப் பிறகு அந்தக் குட்டி தங்களைத் திரும்பிப் பார்க்காமல் போக வேண்டும். மனிதர்களிடம் ஒட்டிக்கொண்ட குட்டி காட்டில் விட்டதும் முதலில் தேடிப் போவது மனிதர்களைத்தான். போகும் இடத்தில் இருப்பவன் ஆயாவாக இருக்க மாட்டான். அதனால் பாசத்தை முதலில் கொடுத்து, பிறகு தவணை தவணையாகத் திரும்ப எடுத்துக்கொள்வது இந்த வேலை. இதற்கு என்ன சம்பளம் கொடுத்தாலும் குறைவு என்று நினைக்கிறேன்.

சரி, அப்பாவின் மூன்று மாதத்துக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தை 1996-இல் வீடமைப்புக்கு விற்றார்கள். பெயர் வேண்டாம், அது மாதிரி நூறு தோட்டம் உண்டு. ஒரு நாள் பெரட்டுக்களத்தில் நோட்டீஸ் வாசித்தார்கள்: மூன்று மாதம். தோட்டத்தில் வேலை போனால் வேலை மட்டும் போவதில்லை, வீடும் தோட்டத்துடையது. கோயிலும் பள்ளியும் அதே மண்ணில். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாலாவது தலைமுறையாக மரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்காத மனிதர்கள் டவுனில் மலிவு அடுக்குமாடிக்குப் போனார்கள். லிஃப்டில் ஏறப் பயந்து ஏழு மாடி நடந்தே போன பாட்டி எனக்குத் தெரியும். என்னோடு படித்த பையன்களில் மூன்று பேர் இருபது வயதைத் தாண்டவில்லை.

ஆக, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஏழு வருடம் என்பதைக் கேட்ட மனிதர், காரில் ஏறியதும் கணக்குப் போட்டிருக்கிறார். எனக்கு முதலில் வந்தது கோபம். நம்மைப் போய் விலங்கோடு ஒப்பிட்டுப் பேசுவதா? போதுமான அளவு அந்த மாதிரிச் சொற்களால் ஏசப்பட்டவர்கள் நாங்கள். அப்புறம் வெட்கம் வந்தது: ஒரு அனாதைக் குட்டிக்குக் கிடைத்ததைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாரா அப்பா? இரண்டும் ஒட்டவில்லை. அதனால்தான் படிக்க ஆரம்பித்தேன்.

விடுவதற்குக் காடு

படிக்கப் படிக்கப் புரிந்தது, பயிற்சி இதில் பாதிதான். மீதிப் பாதி நிலம். இந்தோனேசியாவில் 1995 முதல் ஒரு விதி உண்டு. ஏற்கெனவே ஓராங் ஊத்தான்கள் வாழும் காட்டில் மறுவாழ்வு பெற்றவற்றை விடக்கூடாது, மனிதர்களிடமிருந்து இவை வாங்கி வந்த நோய் அவற்றுக்குப் பரவும், உணவுக்கும் அடித்துக்கொள்ளும். நியாயம்தான். ஆனால் இதன் அர்த்தம் என்ன? அவை வாழத் தகுதியான, ஆனால் அவை இல்லாத, நாளைக்கு யாரும் வெட்ட மாட்டார்கள் என்று உறுதியான காடு வேண்டும். போர்னியோவில் அப்படிப்பட்ட காட்டைத் தேடிப்பாருங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு துண்டிலும் யாரோ ஒருவருடைய உரிமம் உட்கார்ந்திருக்கும்: மரம், சுரங்கம், செம்பனை. நியாரு மெந்தெங்கை நடத்தும் அமைப்பு அந்தத் தேடலில் வருடக்கணக்காகச் சிக்கிக்கொண்டது. விடத் தயாரானவை கூண்டிலேயே காத்துக்கிடந்தன. 2012-இல்தான் புக்கிட் பத்திகாப் பாதுகாப்புக் காட்டில் விட ஆரம்பித்தார்கள்.

கிழக்கு கலிமந்தானில் அவர்கள் செய்ததுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காட்டை வெட்டும் கம்பெனி எப்படி உரிமம் வாங்குமோ அதே மாதிரி இவர்களும் ஒரு கம்பெனி தொடங்கி, 2010-இல் அரசிடம் 86,450 ஹெக்டேர் காட்டை உரிமத்துக்கு எடுத்தார்கள். வெட்டாமல் வைத்திருப்பதற்காக. பத்து லட்சம் டாலருக்கு மேல் கட்டணம். கெஹ்ஜே செவென் என்று அந்தக் காட்டுக்குப் பெயர், வெஹேயா டயாக் மக்களின் மொழியில் ஓராங் ஊத்தான் என்றே பொருள். பேருக்குரியவர் திரும்பிக் குடிபோக வாடகை கட்ட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

விடுகிற நாள் படத்தில் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கும். அதற்கு முன்னால் ரத்தம், சளி எல்லாம் சோதித்து, பிடரித் தோலுக்கு அடியில் சிறிய டிரான்ஸ்மிட்டர் வைத்துத் தைத்து, மயக்கம் தெளிந்ததும் இரும்புக் கூண்டில் ஏற்றி, லாரியிலும் படகிலும் ஒரு நாள் இரண்டு நாள் பயணம். 2020-இல் கொரோனா வந்ததும் விடுவதையே நிறுத்திவிட்டார்கள், மனிதனின் சளி அவற்றுக்கும் தொற்றும். 2021 பிப்ரவரியில் மறுபடி ஆரம்பித்தபோது, வழியில் எந்தக் கிராமத்தையும் தொடாமல் ஹெலிகாப்டரில் கொண்டுபோனார்கள். கூண்டுக் கதவு திறந்ததும் சில விருட்டென்று ஏறிப் போய்விடும். சில உட்கார்ந்தே இருக்கும். அதன் பிறகு கண்காணிக்கும் ஆட்கள் விடியுமுன் அது படுத்திருக்கும் மரத்தடிக்குப் போய், அது எழுந்ததிலிருந்து சாயங்காலம் அடுத்த படுக்கையைக் கட்டும்வரை பின்னாலேயே நடந்து, என்ன தின்றது, எவ்வளவு நேரம் சும்மா இருந்தது என்று எழுதுவார்கள். அட்டைக்கடியோடு, மாதக்கணக்கில். எல்லாமே பிழைத்துவிடுவதில்லை. சில முகாமைத் தேடி வரும். அப்போது உணவு கொடுக்கக்கூடாது. செப்பிலோக்கிலிருந்தும் சிலவற்றை இப்படி தபின் காப்புக்காட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

முகாமைத் தேடி வருவதைப் படித்த அன்று எனக்குத் தோட்டத்தில் பக்கத்து லயத்து வரிசை வீட்டு மாரிமுத்துத் தாத்தா நினைவு வந்தது (உண்மைப் பெயர் அதுவல்ல). டவுனுக்கு வந்த பிறகும் காலை நாலரைக்கு எழுந்து, இரண்டு பஸ் மாறி, பெரட்டுக்களம் இருந்த இடத்துக்குப் போய் நிற்பார். அங்கே பைலிங் போட்டுக்கொண்டிருந்தார்கள். காவலாளி விரட்டினால் மறுநாள் வருவார்.

இதில் எனக்கு இரண்டு கருத்து உண்டு. ஒரு குட்டியை ஏழு வருடம் வளர்க்கும் பணத்தில் காட்டைக் காப்பாற்றினால் இன்னும் பல உயிர் பிழைக்குமே என்று ஒரு வாதம் உண்டு. 1999 முதல் 2015 வரை போர்னியோவில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஓராங் ஊத்தான்கள் குறைந்துவிட்டன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு முன்னால் சில நூறை விடுவது எம்மாத்திரம்? கணக்கு சரிதான். ஆனால் கெஹ்ஜே செவென் காடு இன்று காடாக இருப்பதே அனாதைகளுக்கு இடம் தேடியதால்தான். இன்னொன்றுதான் எனக்குச் சங்கடம். காட்டில் நன்றாகவே வாழும் ஒன்றை, தோட்டத்துக்கு நடுவே ஒரு துண்டில் சிக்கிக்கொண்டது என்று மயக்க ஊசி போட்டுப் பிடித்து வேறு இடத்தில் விடுகிறார்களே, அது சில சமயம் தேவை, பல சமயம் காலி செய்யும் வேலை. ஆளை நாகரிகமாக அப்புறப்படுத்திவிட்டால் மிச்சத்தையும் வெட்டலாம். மீட்பு என்ற சொல்லை அங்கே பயன்படுத்தும்போது எனக்கு நோட்டீஸ் வாசித்தவரின் குரல் கேட்கிறது.

பாமாயிலைப் புறக்கணியுங்கள் என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டைதான். ஒரு ஹெக்டேரில் செம்பனை தருகிற எண்ணெயைச் சோயாவில் எடுக்க அதைப்போல் பல மடங்கு நிலம் வேண்டும். காடு வேறெங்கோ போகும், அவ்வளவுதான். எங்கள் பக்கத் தோட்டங்கள் பழைய ரப்பரை அழித்துச் செம்பனை போட்டவை. காட்டை அழிக்கவில்லை என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அந்த ரப்பருக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, அதை வெட்டியது யார் என்று நான் கேட்பதில்லை. இருவருக்கும் தெரியும், கொள்ளுத்தாத்தா கப்பலில் வந்தது எதற்கென்று.

போன தீபாவளிக்குத்தான் அப்பாவிடம் நேராகக் கேட்டேன். முறுக்கு டின்னைத் திறந்தபடி, அன்னிக்கு செப்பிலோக்ல மூணு மாசம்னு சொன்னீங்களே, அதுங்களுக்குச் செய்யறது உங்களுக்குப் பிடிக்கலையா என்றேன். நிமிர்ந்து பார்த்தார்.

"அதுங்களுக்கு ஏழு வருஷம் ஜாஸ்தின்னா சொன்னேன்? அம்மா இல்லாத புள்ளைக்கு அதுவே பத்தாது. நமக்கு மூணு மாசம்னுதான் சொன்னேன்."

அவ்வளவுதான் என்றார். மூன்று வருடம் நான் சுமந்ததை ஒரு முறுக்கை உடைக்கும் நேரத்தில் இறக்கி வைத்துவிட்டார். அந்த வேகத்தில் நான் படித்ததையெல்லாம் கொட்டினேன், காட்டை உரிமத்துக்கு எடுத்த கதை உட்பட. எத்தனை வருஷத்துக்கு என்றார். அறுபது. எப்போ எடுத்தாங்க? 2010. வளைந்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் கணக்குப் போட்டார். செம்பனையை இருபத்தைந்து வருடத்துக்கு ஒரு தடவை அழித்து மறுபடி கன்று நடுவார்கள், அப்பாவின் நாட்காட்டி அதுதான்.

"ரெண்டு நடவு, அதுக்கு மேல ஒரு பத்து வருஷம்," என்றார். "அன்னிக்குப் பார்த்தமே, அந்தக் குட்டி வயசுல ஒண்ணை இப்போ அங்க விட்டா, அதோட பேரப்புள்ள இருக்கிற காலம்."

ஆமாம்பா, 2070.

டின்னை மூடிவிட்டுக் கேட்டார்: "அப்போ யாருக்கு நோட்டீஸ் குடுப்பாங்க?"